குடியரசில் கட்சிகள் பிறந்த வரலாறு

குடியாட்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் தேர்தலும், தேர்தலில் போட்டியிடும் கட்சிகளும், அக்கட்சிகளின் கொடிகளும் சின்னங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. கட்சிகள் இல்லாத குடியாட்சியை எண்ணிப் பார்ப்பதும் நமக்கு அரிதாகிவிட்டது. ஆனால், இக்காலப் பெருங்குடியரசுகளுக்கு முன்னோடியாகிய அமெரிக்க ஐக்கிய நாடுகள் தோன்றிய காலத்தில், அதனை அமைத்த பெரியோர் கட்சிகளை விரும்பினாரல்லர். கட்சி என்பது நாட்டைப் பற்றும் நோய் என்றே அவர்கள் கருதினர். 1787-ஆம் ஆண்டு மே மாதம் முதல் செப்டம்பர் மாதம் வரை பிலடெல்பியா நகரில் கூடி அவர்கள் வகுத்த அரசியலமைப்பில் கட்சிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்வாறு கட்சிகளை வெறுத்த பெரியோரே பத்தாண்டுகள் கழிவதற்குள் இரண்டு கட்சிகளுக்குத் தலைவர்களாயினர். இந்த விந்தை எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அப்பெரியோர் கட்சிகளை வெறுத்ததற்குக் காரணம் உண்டு. நாட்டின் நலம் என்பது ஒன்றே. அறிவும் ஒழுக்கமும் உடையோர் கூடி அமைதியாக ஆராய்ந்தால் அந்நலம் யாவர்க்கும் ஒருபடியாகப் புலப்படும். அதைக் காணாது தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து நிற்பவர் தந்நலம் நாடுவோரே. இதுவே அக்காலத்து அறிஞர் பலருடைய கொள்கையாக இருந்தது. பண்டை உரோமாபுரிக் குடியரசு உட்கலகத்தால் அழிந்த வரலாற்றை அவர்கள் இளமையிலேயே கற்றிருந்தனர். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் மன்னர் பக்கமும் மன்றத்தின் பக்கமும் பிரிந்து நின்று மக்கள் ஒருவரையொருவர் கொன்று குவித்த செய்தியும் அவர்களுக்குப் பழங்கதை ஆகிவிடவில்லை. நம் வள்ளுவர் 'உட்பகை' என்று ஓர் அதிகாரம் வகுத்து எச்சரித்ததை நாம் அறிவோம். அந்த உட்பகையையே அவர்கள் கட்சி என்னும் சொல்லில் கண்டனர்.

ஒருவர் மட்டும் சற்று வேறுவகையாக எண்ணினார். அவர் வர்ஜினியா மாநிலத்து ஜேம்ஸ் மாடிசன். உருவத்தில் சிறியவர், உரத்துப் பேசும் ஆற்றல் இல்லாதவர், ஆயினும், அரசியலமைப்பை வகுத்ததில் அவருக்கு இருந்த பங்கு பெரிது. புதிய அரசியலமைப்பை மக்கள் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தி, அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜான் ஜே என்னும் இருவருடன் சேர்ந்து அவர் புனைபெயரில் கட்டுரைகள் எழுதினார். மொத்தம் 85 கட்டுரைகளாக வளர்ந்த அத்தொகுதியில் பத்தாம் கட்டுரை மாடிசனுடையது. மக்கள் பிரிந்து நிற்பதற்குக் காரணம் மனித இயல்பிலேயே இருக்கிறது என்றும், உடைமையில் உள்ள ஏற்றத்தாழ்வே அப்பிரிவுக்குப் பெருங்காரணம் என்றும், உரிமையை அழித்தாலன்றிப் பிரிவை அழிக்க இயலாது என்றும் அவர் அதில் விளக்கினார். நாடு பரந்ததாக இருந்தால் பிரிவுகளும் பலவாக இருக்கும். பலவாக இருந்தால் எந்தப் பிரிவும் மற்றவற்றை அடக்கியாள முடியாது என்பது அவர் கண்ட மருந்து. நாடு முழுவதும் இரண்டே கூட்டமாகப் பிரிந்து நிற்கும் என்பதை அவரும் அப்போது எதிர்பார்க்கவில்லை. அவ்விரண்டில் ஒன்றைத் தாமே கட்டப் போவதையும் எதிர்பார்க்கவில்லை.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்குப் பதின்மூன்று மாநிலங்களுள் ஒன்பதேனும் அதனை ஏற்க வேண்டியிருந்தது. அதை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் ஊர்தோறும் வாதிட்டனர். 1788-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாவது மாநிலமாக நியூ ஹாம்ப்ஷயர் இசைவளித்தது. எதிர்த்தவர்கள் விரும்பியவாறே, குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் பத்துத் திருத்தங்கள் 1791-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. அத்துடன் அப்பூசல் ஓய்ந்தது. ஆகவே, அதனைக் கட்சிப் பூசல் என்று கூறுதல் பொருந்தாது. அன்று ஒரே பக்கத்தில் நின்று தோளொடு தோள் சேர்ந்து எழுதிய மாடிசனும் ஹாமில்டனுமே பின்னர் எதிரெதிர் அணியில் நின்றனர் என்பதைக் கொண்டே இதனை அறியலாம்.

1789-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் நியூயார்க் நகரில் ஜார்ஜ் வாஷிங்டன் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். தேர்வாளர்களுள் ஒருவரேனும் அவருக்கு வாக்களிக்கத் தவறவில்லை. விடுதலைப் போரில் படைத்தலைவராக விளங்கி, வெற்றி பெற்றதும் வாளை ஒப்படைத்துவிட்டு உழவுக்குத் திரும்பியவர் அவர். கட்சிகளுக்கு அப்பாற்பட்டு நிற்க வேண்டும் என்னும் உறுதியோடு, நாட்டின் சிறந்த அறிஞர்களை எல்லாம் தம் அமைச்சர்களாக்கிக் கொண்டார். நிதித்துறையை ஹாமில்டனிடம் ஒப்படைத்தார். வெளிநாட்டுத் துறையைத் தாமஸ் ஜெபர்சனிடம் ஒப்படைத்தார். ஒரே உறையில் இரண்டு வாள்களை இட்டது போலாயிற்று அது.

ஹாமில்டன் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றில் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதிப் பிழைத்தவர். தம் அறிவு ஒன்றையே முதலாகக் கொண்டு நியூயார்க் வந்து கல்வி கற்று, போர்க்களத்தில் வாஷிங்டனுக்கு உதவியாளராகப் பணிபுரிந்தவர். போர் வீரர்கள் உணவும் உடையும் இன்றி வாடியதை அவர் நேரிற் கண்டார். மைய அரசிடம் பொருளும் அதிகாரமும் இல்லாமையே அத்துன்பத்திற்குக் காரணம் என்பது அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. வங்கிகளும் தொழிற்சாலைகளும் கப்பல் வாணிகமும் பெருகிய நாடே வலிய நாடாகும் என்று அவர் நம்பினார்.

ஜெபர்சனோ வர்ஜினியாவில் பெருநிலக்கிழார் குடும்பத்தில் தோன்றியவர். 1776-ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் அவரே. கட்டடக் கலை, இசை, பயிர்நூல் முதலிய பல துறைகளில் வல்லவர். சொந்த நிலத்தை உழுது, எவருக்கும் கைகட்டி நில்லாத உழவர்களே குடியரசின் தூண்கள் என்பது அவர் கொள்கை. பெருநகரங்களையும் பணவணிகர்களையும் அவர் ஐயத்தோடு நோக்கினார். மைய அரசு ஓங்கினால் மன்னராட்சி பின்வாயில் வழியாக நுழைந்துவிடும் என்று அஞ்சினார். இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. உரிமையைப் பற்றி இத்துணை அழகாக எழுதிய அப்பெரியார், தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவருடைய நிலத்தை உழுதவர்கள் அவர் போற்றிய உரிமையுள்ள உழவர்கள் அல்லர்.

இவ்விரு பெரியோருக்கும் இடையே முதற் பிணக்கு எதனால் மூண்டது? கடனால்தான். போர்க் காலத்தில் வாங்கிய கடன் நாட்டை அழுத்திக் கொண்டிருந்தது. பிற நாடுகளுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டாலர்; உள்நாட்டில் தர வேண்டியது 4 கோடி டாலருக்கு மேல்; மாநிலங்கள் தனித்தனியே பட்ட கடன் ஏறத்தாழ 2½ கோடி டாலர். 1790-ஆம் ஆண்டு சனவரியில் ஹாமில்டன் தம் திட்டத்தை நாட்டுப் பேரவையின்முன் வைத்தார். கடன் முழுவதையும் முகமதிப்புக் குறையாமல் ஏற்க வேண்டும். மாநிலங்களின் கடனையும் மைய அரசே தன் தலைமேல் சுமக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் சாரம். கடன் கொடுத்த செல்வர்கள் மைய அரசை நம்பியிருந்தால், அவ்வரசு நிலைக்க வேண்டும் என்று அவர்களே விரும்புவர் அன்றோ? இதுவே ஹாமில்டனின் உட்கருத்து.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. போர்க்களத்தில் குருதி சிந்திய வீரனுக்கு அரசு ஊதியமாகப் பணம் கொடுக்கவில்லை. பின்னர்த் தருவதாகக் கூறிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஊர் திரும்பிய வீரன் வீட்டில் உலை வைக்க வழியின்றி, அப்பத்திரத்தை வந்த விலைக்கு விற்றான். நூறு டாலர் பத்திரத்திற்கு அவனுக்குக் கிடைத்தது மிகச் சிறு தொகையே. அவற்றை வாங்கிக் குவித்தவர்கள் நகரத்து ஊக வணிகர்கள். இப்போது அரசு முழுத் தொகையையும் தருமானால் அது யார் கைக்குப் போகும்? வீரன் கைக்கன்று, வணிகன் கைக்கே. ஹாமில்டனின் திட்டத்தை முன்னரே மோப்பம் பிடித்த சிலர், செய்தி எட்டாத தொலைவூர்களுக்கு ஆள் அனுப்பி எஞ்சிய பத்திரங்களையும் வாங்கினர்.

மாடிசன் இதனைப் பொறுக்கவில்லை. இப்போது பத்திரம் வைத்திருப்பவருக்குச் சந்தையின் உயர்ந்த விலையைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய தொகையை முதலில் பெற்றவனுக்கே அளிக்க வேண்டும் என்று மக்களவையில் வாதிட்டார். ஹாமில்டனைச் சேர்ந்தோர் கூறிய விடையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. விற்றவன் மனம் ஒப்பி விற்றான். வாங்கியவன் அரசின் சொல்லை நம்பி வாங்கினான். அரசு தன் கையெழுத்துக்குத் தானே மதிப்பளிக்காவிட்டால் இனி எவன் அதற்குக் கடன் கொடுப்பான்? அன்றியும், கைமாறிய பத்திரங்களின் முதல் உரியவர்களை எங்கே தேடிப் பிடிப்பது? இவ்வாறு அவர்கள் கேட்டனர். வாக்கெடுப்பில் மாடிசன் பக்கம் 13 பேரும் எதிர்ப்பக்கம் 36 பேரும் இருந்தனர். அறம் ஒரு பக்கமும் நாட்டின் நாணயம் மற்றொரு பக்கமுமாக நின்ற வழக்கு இது. இத்தகைய வழக்குகளிலேதான் நல்லவர்களும் இருவேறாகப் பிரிகின்றனர்.

மாநிலக் கடனைப் பற்றிய பேச்சில் பிணக்கு மேலும் முற்றியது. தம் கடனைப் பெரும்பாலும் தீர்த்துவிட்ட வர்ஜினியா போன்ற மாநிலங்கள், தீர்க்காத மாசசூசெட்ஸ், தென் கரோலினா முதலியவற்றின் கடனுக்காக நாம் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்று வினவின. 1790-ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்களவை அத்திட்டத்தைத் தள்ளிவிட்டது. ஜூன் மாதத்தில் ஜெபர்சன் தம் வீட்டு விருந்துக்கு ஹாமில்டனையும் மாடிசனையும் அழைத்தார். உணவுக்கிடையே ஓர் உடன்பாடு பிறந்தது. கடன் திட்டம் நிறைவேற மாடிசன் முட்டுக்கட்டை இடுவதில்லை; அதற்கு ஈடாக, நாட்டின் தலைநகரம் தெற்கு மாநிலங்கள் விரும்பியவாறு பொட்டோமாக் ஆற்றங்கரையில் அமையும். இன்றைய வாஷிங்டன் நகரம் அவ்விடத்தில் அமைந்தது இதனாலேயே. தாம் ஹாமில்டனின் திட்டத்திற்குக் கருவியாகிவிட்டதாக ஜெபர்சன் பின்னாளில் மனம் வருந்தினார்.

அடுத்த ஆண்டில் வங்கி பற்றிய வழக்கு எழுந்தது. ஒரு கோடி டாலர் முதலீட்டில், ஐந்தில் ஒரு பங்கை அரசு ஏற்க, இருபதாண்டு உரிமையுடன் தேசிய வங்கி ஒன்றை நிறுவ ஹாமில்டன் விரும்பினார். அரசியலமைப்பில் வங்கி என்னும் சொல்லே இல்லையே, பேரவைக்கு அவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது என்று மாடிசனும் ஜெபர்சனும் கேட்டனர். அதிகாரங்களை நிறைவேற்றுவதற்குத் தேவையான, பொருத்தமான சட்டங்களை இயற்றலாம் என்று அரசியலமைப்பு கூறுகிறது. 'தேவை' என்றால் அஃதின்றி அமையாதது என்று ஜெபர்சன் பொருள் கொண்டார். பயனுள்ளது என்று ஹாமில்டன் பொருள் கொண்டார். ஒரு சொல்லுக்கு உரைகாண்பதில் எழுந்த வேறுபாடு இரண்டு அரசியற் கொள்கைகளாகக் கிளைத்தது. வாஷிங்டன் இரு பக்கத்து எழுத்தையும் படித்துவிட்டு, 1791-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் வங்கிச் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

இதுவரை பூசல் அமைச்சர் அறையிலும் பேரவையிலும் மட்டுமே இருந்தது. அதனைத் தெருவுக்குக் கொணர்ந்தவை செய்தித்தாள்கள். ஜான் பென்னோ என்பவர் நடத்திய இதழ் ஹாமில்டனைப் போற்றியது. அதற்கு எதிராக ஓர் இதழ் வேண்டும் என்று கருதிய ஜெபர்சனும் மாடிசனும் பிலிப் பிரெனோ என்னும் கவிஞரைப் பிலடெல்பியாவுக்கு அழைத்தனர். அவருக்கு ஜெபர்சன் தம் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தார். ஆண்டுச் சம்பளம் 250 டாலர். 1791-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரெனோவின் இதழ் வெளிவந்தது. அரசின் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு அரசையே அவ்விதழ் தாக்கியது! இச்செய்கை ஜெபர்சனின் பெருமைக்கு ஏற்றதன்று என்றே கூற வேண்டும். ஹாமில்டனும் வாளாவிருக்கவில்லை, பல புனைபெயர்களில் ஒளிந்துகொண்டு ஜெபர்சனைத் தாக்கி எழுதினார். ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்த அமைச்சர் இருவர் முகமூடி அணிந்து சண்டையிட்டனர். 1792-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வாஷிங்டன் இருவருக்கும் கடிதம் எழுதி, ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். இருவரும் பணிவோடு விடை எழுதினர். பூசல் மட்டும் தணியவில்லை.

ஹாமிலடன் பக்கத்தார் தம்மைக் கூட்டாட்சிக் கட்சியினர் என்றும், ஜெபர்சன் பக்கத்தார் தம்மைக் குடியரசுக் கட்சியினர் என்றும் கூறிக்கொண்டனர். முன்னதற்குக் கடற்கரை நகரங்களின் வணிகரும் வடகிழக்கு மாநிலத்தாரும் துணைநின்றனர். பின்னதற்குத் தெற்கு மாநிலத்துத் தோட்டக்காரரும், மேற்கு எல்லைப்புறத்து உழவரும், நகரத்துக் கைவினைஞர் பலரும் துணைநின்றனர். ஆயினும் இரண்டும் இன்னும் முழுமையான கட்சிகளாக உருப்பெறவில்லை. உருப்பெறச் செய்தது அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் மூண்ட நெருப்பு.

1789-ஆம் ஆண்டில் பிரான்சில் புரட்சி எழுந்தது. தொடக்கத்தில் அமெரிக்கர் அனைவரும் மகிழ்ந்தனர். 1793-ஆம் ஆண்டு சனவரியில் பிரெஞ்சு மன்னரின் தலை வீழ்ந்தது. அடுத்த மாதம் பிரான்சு இங்கிலாந்தின்மேல் போர் தொடுத்தது. நமக்குத் தோள் கொடுத்த பிரான்சை நாம் கைவிடலாமா என்றனர் குடியரசுக் கட்சியினர். கலகமும் கொலையும் மலிந்த நாட்டோடு நமக்கு என்ன உறவு, நம் வாணிகம் பெரும்பாலும் இங்கிலாந்தோடு அன்றோ என்றனர் கூட்டாட்சிக் கட்சியினர். ஏப்ரல் 22-ஆம் நாள் வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். ஊர்தோறும் குடியாட்சிச் சங்கங்கள் தோன்றின. உழவரும் தச்சரும் பள்ளி ஆசிரியரும் அவற்றில் கூடி, அரசின் செயல்களைத் தயக்கமின்றி ஆராய்ந்தனர். வங்கிக் கணக்கு எல்லார்க்கும் விளங்காது; மன்னன் வேண்டுமா வேண்டாவா என்பது எல்லார்க்கும் விளங்கும். அதனாலேயே மக்கள் இரு பக்கமாகத் திரண்டனர். அவ்வாண்டின் இறுதி நாளில் ஜெபர்சன் பதவியை விட்டு விலகினார்.

1794-ஆம் ஆண்டில் மேற்குப் பென்சில்வேனியாவின் உழவர்கள் விஸ்கி மீது விதித்த வரியை எதிர்த்துக் கிளர்ந்தனர். தானியத்தை மலை தாண்டிக் கொண்டு செல்வது கடினமாதலால், அவர்கள் அதனை மதுவாக வடித்தே விற்று வந்தனர். வரி அவர்கள் வயிற்றில் அடித்தது. வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையுடன் புறப்பட்டார். கலகம் போரின்றி அடங்கியது. அக்கலகத்திற்குக் குடியாட்சிச் சங்கங்களே காரணம் என்று வாஷிங்டன் பேரவையில் கண்டித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த அரசை, எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத கூட்டம் கண்டிப்பது முறையா என்பது அவர் ஐயம். தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையே குடிமகன் வாய் திறக்கலாகாதா என்பது மாடிசனின் மறுமொழி. கட்சிகள் பிறந்த வரலாற்றில் நடுநாயகமான வினா இதுவே.

அவ்வாண்டு நவம்பரில் ஜான் ஜே இங்கிலாந்தோடு உடன்படிக்கை ஒன்று செய்தார். அது இங்கிலாந்துக்கு இணங்கிப் போனதாக மக்கள் கொதித்தனர். ஜேயின் உருவத்தைச் செய்து பல ஊர்களில் எரித்தனர். நியூயார்க்கில் உடன்படிக்கையை ஆதரித்துப் பேச வந்த ஹாமில்டன்மேல் கல் எறிந்தனர். 1795-ஆம் ஆண்டு ஜூன் மாதம் செனட் சபை 20 வாக்குக்கு 10 வாக்காக அதனை ஏற்றது. அதற்கு வேண்டிய பணத்தை ஒதுக்கும் பேச்சு மறுஆண்டு மக்களவைக்கு வந்தபோது, குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் தனியே கூடித் தம் நிலையை முடிவு செய்தனர். 51 வாக்குக்கு 48 வாக்காக அரசே வென்றது. தோற்றாலும், அணிவகுத்து வாக்களிக்கும் பழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது.

1796-ஆம் ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் விடைபெறும் அறிக்கையை வெளியிட்டு, கட்சி மனப்பான்மையின் தீமைகளை எடுத்துரைத்தார். அவ்வறிக்கையை எழுத உதவியவர் யார் என்பீர்கள்? ஒரு கட்சியின் தலைவராகிய ஹாமில்டனே! அவ்வாண்டுத் தேர்தலில் கூட்டாட்சிக் கட்சியைச் சேர்ந்த ஜான் ஆடம்ஸ் 71 வாக்குகளும், ஜெபர்சன் 68 வாக்குகளும் பெற்றனர். அக்கால விதிப்படி தேர்வாளர் ஒவ்வொருவரும் இருவருக்கு வாக்களிப்பர். முதலில் வருபவர் குடியரசுத் தலைவர். அடுத்து வருபவர் துணைத் தலைவர். கட்சிகளை நினையாமல் வகுத்த விதி ஆதலால், தலைவர் ஒரு கட்சியும் துணைத் தலைவர் எதிர்க்கட்சியுமாக அமைந்தனர்.

ஆடம்ஸ் காலத்தில் பிரான்சோடு போர் மூளும் நிலை தோன்றியது. குடியரசுக் கட்சியினர் மூவண்ணக் குஞ்சத்தையும் கூட்டாட்சிக் கட்சியினர் கறுப்புக் குஞ்சத்தையும் தொப்பியில் அணிந்து தெருவில் மோதிக்கொண்டனர். 1798-ஆம் ஆண்டு ஜூலையில் பேரவை அரச நிந்தனைச் சட்டத்தை இயற்றியது. குடியரசுத் தலைவரையோ பேரவையையோ பொய்யாகப் பழித்து எழுதுவோருக்குச் சிறையும் தண்டமும் உண்டு என்றது அச்சட்டம். துணைத் தலைவரைப் பழித்தால் குற்றமில்லை. ஏனெனில் துணைத் தலைவர் ஜெபர்சன்! இச்சட்டத்தின்படி எதிர்க்கட்சி இதழாசிரியர்கள் பலர் தண்டிக்கப்பட்டனர். வெர்மாண்ட் மாநிலத்து மக்களவை உறுப்பினர் மேத்யூ லயன் நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் தண்டமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே அவரை மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஆளுவோரை மறுத்துப் பேசுவது அரசைக் கவிழ்ப்பது ஆகாது என்னும் உண்மை அன்று ஆட்சியிலிருந்தோருக்கு விளங்கவில்லை. அந்த உண்மை விளங்காத வரையில் எதிர்க்கட்சி என்பது ஒரு குற்றமாகவே இருக்கும்.

1800-ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. நியூயார்க் நகரில் ஆரன் பர் என்பவர் குடியரசுக் கட்சிக்காக உழைத்த திறம் புதுமையானது. வாக்காளர் பெயர்களைத் தெருவாரியாகத் திரட்டினார். வீடு வீடாக ஆள் அனுப்பினார். புகழ்பெற்றவர்களை வேட்பாளராக நிறுத்தினார். அந்நகர வெற்றியால் அம்மாநிலத்தின் 12 தேர்வாளர் வாக்குகளும் அவர் கட்சிக்கே கிடைத்தன. தெற்கு மாநிலங்களின் வலிமையும் ஜெபர்சனுக்குத் துணையாயிற்று. அடிமைகளுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொண்டனர். அதனால் அம்மாநிலங்களுக்குத் தேர்வாளர்கள் மிகுதியாகக் கிடைத்தனர்.

முடிவில் ஒரு விபரீதம் நேர்ந்தது. குடியரசுக் கட்சித் தேர்வாளர் அனைவரும் ஜெபர்சனைத் தலைவராகவும் பர்ரைத் துணைத் தலைவராகவும் எண்ணி வாக்களிக்க, இருவரும் 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். தீர்ப்பு மக்களவைக்குச் சென்றது. அங்கு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. பதினாறு மாநிலங்களுள் ஒன்பது வேண்டும். 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், பனி கொட்டும் வேளையில் வாக்கெடுப்புத் தொடங்கியது. மேரிலாண்டு உறுப்பினர் ஜோசப் நிக்கல்சன் கடுஞ்சுரத்தோடு படுக்கையிலேயே தூக்கிவரப்பட்டார். அவர் வாராதிருந்தால் அம்மாநிலத்தின் வாக்குப் பர்ருக்குப் போயிருக்கும். ஜெபர்சனுக்கு எட்டு, பர்ருக்கு ஆறு, பிளவுபட்டவை இரண்டு. எத்தனை முறை எடுத்தாலும் இதே முடிவு. படை திரட்டும் பேச்சும் அங்கங்கே எழுந்தது. அந்நிலையில் ஹாமில்டன் செய்த செயல் நினைக்கத்தக்கது. ஜெபர்சன் கொள்கையில் பிழைபட்டவராயினும் கொள்கை உடையவர். பர்ரோ தந்நலம் ஒன்றையே உடையவர் என்று கூறி, தம் பத்தாண்டுப் பகைவரை ஆதரிக்குமாறு தம் கட்சியினருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். டெலாவேர் மாநிலத்தின் ஒரே உறுப்பினரும் கூட்டாட்சிக் கட்சியினருமாகிய ஜேம்ஸ் பேயார்டு இறுதியில் பிடிவாதத்தைத் தளர்த்தினார். பிப்ரவரி 17-ஆம் நாள், 36-ஆம் வாக்கெடுப்பில், அவரும் வெர்மாண்ட், மேரிலாண்டு மாநிலங்களின் கூட்டாட்சிக் கட்சியினரும் பர்ருக்கு வாக்களியாது ஒதுங்கினர். பத்து மாநிலங்கள் ஜெபர்சனுக்குக் கிடைத்தன. வெர்மாண்டின் வாக்கை அளித்தவர், சிறை சென்று மீண்ட மேத்யூ லயனே.

மார்ச்சு 4-ஆம் நாள் பொழுது புலருமுன் ஆடம்ஸ் வண்டியேறித் தம் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். புதியவரின் பதவியேற்பைக் காண அவர் நிற்கவில்லை. மனக்கசப்பு இருந்தது, ஆனால் வாளோ துப்பாக்கியோ எழவில்லை. ஆட்சி ஒரு கட்சியின் கையிலிருந்து அதன் எதிரியின் கைக்கு, வாக்கின் முடிவு ஒன்றினாலேயே மாறியது. ஜெபர்சன் தம் பதவியேற்புரையில் இரு கட்சியினரையும் ஒரே கொள்கையின் உடன்பிறப்புகளாக அழைத்தார். அரச நிந்தனைச் சட்டம் முன்னாளே காலாவதியாகியிருந்தது. அதனால் தண்டனை பெற்றோரை அவர் மன்னித்தார். ஹாமில்டனின் வங்கியை அவர் மூடவில்லை; அது தன் உரிமைக்காலம் முடியும் 1811-ஆம் ஆண்டு வரை நடந்தது.

1804-ஆம் ஆண்டில் நிறைவேறிய பன்னிரண்டாம் திருத்தம், தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் தனித்தனியே வாக்களிக்க வழிசெய்தது. கட்சி என்னும் சொல் அதிலும் இல்லை. ஆயினும் கட்சிகள் உண்டு என்பதை அரசியலமைப்பு ஒப்புக்கொண்டது அத்திருத்தத்தினாலேயே. அவ்வாண்டு ஜூலையில் பர்ரோடு நிகழ்த்திய துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டன் உயிர் துறந்தார். 1816-ஆம் ஆண்டுக்குப் பின் கூட்டாட்சிக் கட்சி தலைமைப் பதவிக்கு எவரையும் நிறுத்தவில்லை. எதிரி இல்லாமற் போகவே, ஜெபர்சனின் கட்சியும் 1824-ஆம் ஆண்டுத் தேர்தலில் பல கூறுகளாக உடைந்தது. அதன் ஒரு கூறு ஆண்ட்ரூ ஜாக்சனைச் சூழ்ந்து ஜனநாயகக் கட்சியாக வளர்ந்தது. குடியரசுக் கட்சி என்னும் பழைய பெயரையோ, 1854-ஆம் ஆண்டில் வேறொரு கூட்டத்தார் எடுத்துச் சூட்டிக்கொண்டனர். ஜெபர்சனின் நிலத்தில் உழைத்தோரைப் போன்ற அடிமைகளைக் கொண்டு உழும் முறை புதிய நிலங்களுக்குப் பரவலாகாது என்பதே அவர்கள் கட்சி கட்டியதன் நோக்கம்.